பதினேழாம் கண்ணாடி

தக்காளிக் குடிலின் கூரையில்
நாற்பத்தொரு கோடை கிடந்தது அது.
ஸ்டுடியோவை மூடியபோது
நெகட்டிவ் தகடுகளை எடைக்குப் போட்டார்கள்.
கண்ணாடி கண்ணாடிதானே.
வாங்கியவர் வெந்நீர் ஊற்றிச் சுரண்டினார்
மணப்பெண்களை, ஒரு பாதிரியை,
படகு ஒன்றின் முன்பாதியை.
பதினாறோடு கை சலித்திருக்க வேண்டும்.

ஸ்டாவங்கருக்குத் தெற்கே
கல்வேலிகளும் காற்றுமாய்க் கிடக்கும்
அந்தத் தட்டை நிலத்தின் பெயர் யாரென்.
நம் காதில் விழுந்தால் அது கேள்வி.
அவர்களுக்கு வெறும் ஊர்.

ஆவணக்காப்பகத்தின் நிலவறையில்
ரன்வைக் அதைக் கேமராவின் கீழ் வைத்தாள்.
நிறம் கேட்காத கேமரா.
மற்றவற்றில் ஒவ்வொரு புள்ளியின் வாசலிலும்
ஒரு காவலாள் நிற்பான்:
நீ சிவப்பா, பச்சையா, நீலமா,
இல்லையென்றால் வெளியே நில்.
இதில் கதவே கிடையாது.
வந்த வெளிச்சம் வந்தபடி உள்ளே போகும்.
நூற்றைம்பது மில்லியன் புள்ளிகள்.
நூற்றைம்பது மில்லியன் தடவை
அது சொன்னது: சாம்பல்.

விளக்கை இறக்கினாள்.
இன்னும் இறக்கினாள்.
மேசையோடு மேசையாய் ஊர்ந்தது ஒளி.
வெள்ளி போனாலும்
வெள்ளி இருந்த இடத்தின் மேடு போவதில்லை,
மயிரிழையில் நூறில் ஒரு பங்கு உயரம்.
முதலில் ஒரு காலர் எழுந்தது.
பிறகு நாற்காலிக் கால்,
கோட்டின் மடிப்பு, ஒரு கை.

முகம் இருக்க வேண்டிய இடத்தில்
ஓர் இலை.

அறுபத்துநான்கு முறை எடுத்து
ஒன்றின் மேல் ஒன்றாய் அடுக்கினாள்.
இரைச்சல் தன்னைத் தானே தின்று ஓய்ந்தது.
இலைதான் இன்னும் தெளிந்தது.
நரம்புகளை எண்ணலாம்.
விளிம்பில் ஏதோ புழு கடித்ததும் தெரிந்தது.

மென்பொருள் ஒன்று உண்டு,
கேட்டால் முகம் போட்டுத் தரும்,
பல்வரிசையோடு.
ரன்வைக் கேட்டாள்.
அழகாகத்தான் இருந்தான், யாரோ.
சேமிக்காமல் மூடினாள்.

வியாழக்கிழமை குன்வோர் வந்தாள்.
எழுபத்தொரு வயது, நனைந்த கோட்டு,
பஸ் டிக்கெட் இன்னும் கையில்.
அவள் பிறக்குமுன்பே
கடலுக்குப் போய்த் திரும்பாத
பெரியப்பா தொல்லாக்.
வேறு படம் இல்லை.
திரை முன் வெகுநேரம் நின்றாள்.
ரன்வைக் மன்னிப்புக்குச் சொல் தேடினாள்.

“தக்காளி அந்தக் குடிலில்தான் வாங்குவோம்,”
என்றாள் குன்வோர்.
“இவர் வழியாக வந்த வெயிலைத்தான்
பிரெட்டில் வைத்துத் தின்றிருக்கிறோம்.
உப்புத் தூவி.”
சிரித்தாள். அறைக்கு அது கொஞ்சம் அதிகச் சத்தம்.

பிறகு மூக்கு திரையில் முட்டக் குனிந்து,
“இது என்ன?”
ரன்வைக் பெரிதாக்கினாள். இன்னும்.
கோட்டின் பட்டன்கள்.
மூன்றில் நங்கூரம் பொறித்திருந்தது.
மேலிருந்து இரண்டாவதில் ஒன்றுமில்லை.
நான்கு துளை, குறுக்கே நூல்,
வேறு எந்தச் சட்டையிலிருந்தோ வந்தது.

“யார் தைத்தது?”
ரன்வைக்குத் தெரியாது.
குன்வோருக்கும் தெரியாது,
கேட்கக்கூடிய யாரும் இப்போது இல்லை.

“இதை மட்டும் அச்சிட்டுத் தர முடியுமா?
பெரிதாக.”

சாப்பாட்டுத் தட்டளவு பட்டன்
காகிதத்தில் ஈரமாய் வந்தது.
நூலின் முனை வெட்டப்படவில்லை.
நீட்டிக்கொண்டிருக்கிறது.
யாருக்கோ அன்று அவசரம்.