மூன்று பாகை

இரவு பத்தரைக்கு ரட்ராக்கைக் கிளப்புவேன்.
போஹோர்யே மலையில் அந்நேரம் விழித்திருப்பவை இரண்டு:
என் முகப்பு விளக்கும்,
யாருக்கென்று தெரியாமல் எரியும் மதுக்கடைப் பலகையும்.
மலைக்குத் தலை வாரிவிடுவது என் வேலை.
சீப்பின் பல் பதிந்த பனி
நாலரைக்கு மேல் இறுகும்.

ஏழரைக்கு அதில் முதல் வகிடு எடுப்பவள் டிங்காரா.
மருந்துக்கடை. ஒன்பதுக்குத் திறக்கவேண்டும்.
லிஃப்ட்காரன் ஓஷ்பே அவளுக்காக
சோதனை ஓட்டத்தில் ஒரு நாற்காலி விடுவான்.
எனக்கும் அவளுக்கும் வணக்கம் மட்டும்தான் பழக்கம்.

ஆனால் அவள் பலகையை எனக்குத் தெரியும்.
ஆளைவிடக் கொஞ்சம் நீளம்.
இடை ஒரு சாண்கூட இல்லை.
காலில் பிளாஸ்டிக் ஓடு, நான்கு கொக்கி;
குதிகாலிலும் முனையிலும் எஃகு வளையம் கவ்வும்.
மெத்தென்ற காலணிக்காரர்கள்
பக்கவாட்டில் நின்று சறுக்குவார்கள்.
இவள் பாதங்கள் இரண்டும்
போகிற திசையை எட்டிப் பார்க்கும்.

கொட்டகை வாசலில் காப்பியோடு உட்கார்ந்து
அவள் கோட்டைப் படிப்பேன்,
ஸ்கீ பள்ளிப் பிள்ளைகள் வந்து அழிக்கும்வரை.
துடைப்பம் இழுத்தது போலிருந்தால் வழுக்கியிருக்கிறாள்.
பென்சில் கோடென்றால் வெட்டியிருக்கிறாள்.
டிசம்பரில் அகல உழுதாள்.
ஜனவரியில் ஆழ.

நான் பார்த்துக் கற்றது இவ்வளவு:
திரும்ப முயலக்கூடாது.
சாய்க்கவேண்டும், அதுவும்
சரிவு கேட்பதற்கு முன்பே.
கருக்கு பனியைக் கடித்தபின்
பலகையின் வளைவே வட்டத்தைப் போட்டுக்கொள்ளும்.
கை தரையைத் தேடினால் இடுப்பு பின்தங்கும்.
கண் அடுத்த திருப்பத்தில் இருக்கவேண்டும்,
இந்தத் திருப்பம் இன்னும் முடியாதபோதே.

பிப்ரவரியில் ஒருநாள் உருகி மறுநாள் உறைந்தது.
ஐந்தாவது திருப்பத்தில், விரல் பக்கம் சாய்ந்தபோது,
கோடு நின்றுபோயிற்று.
அவள் எழுந்து, பனியைத் தட்டி,
பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
நடந்தே இறங்கினாள்.

நான் ஏறிப் போய்ப் பார்த்தேன்.
மெல்லிய கோட்டுக்கு அருகே இன்னொரு கீறல்,
விரலகலம், போகப்போக ஆழம்.
பிறகு நாலு மீட்டருக்கு ஒன்றுமே இல்லை.
பிறகு இடுப்பு, தோள், கையுறை.

காலணியின் மூக்கு.
அவ்வளவு சாய்ந்திருக்கிறாள்,
பலகை தொடுமுன் கால் தரையைத் தொட்டுவிட்டது;
கருக்கு அந்தரத்தில் நின்றுவிட்டது.
மோசமாக ஓட்டுபவர்களுக்கு இப்படி விழ வாய்க்காது.

மருந்து எனக்குத் தெரியும்:
பிணைப்புகளை மூன்று பாகை முன்னால் திருப்பு.
மூக்கு உள்ளே போய்விடும்.
ஒரே வாக்கியம்.
அன்றிரவு முழுக்க அதை ஓட்டிப் பார்த்தேன்,
மேலே போகையில் ஒருமாதிரி,
கீழே வருகையில் வேறுமாதிரி.
அதிகப்பிரசங்கி என்று நினைத்துவிடக்கூடாதே.

மறுநாள் அவள் வரவில்லை.
அதற்கு மறுநாளும்.
மூன்றாம் நாள் மருந்துக்கடைக்குப் போனேன்.
மணிக்கட்டில் கட்டு.
எனக்குப் பின்னால் நாலு பேர்.
'என்ன வேண்டும்?'
இருமல் மிட்டாய் என்றேன்.
எலுமிச்சையா தேனா என்றாள்.
தேன்.

திங்கட்கிழமை வந்தாள்.
ஓஷ்பே நாற்காலியைத் திருப்பிவிட்டான்.
அவள் மேலே போனதும் காப்பி ஆறியதை மறந்தேன்.
முதல் திருப்பம். இரண்டாவது.
ஐந்தாவதில் அதே இடம், அதே பக்கம்.
மூட்டு மடங்கி, இடுப்பு பனியை முகர்ந்து,
எழுந்து, மறுபக்கம் போனாள்.
சத்தம்கூட வேறு:
துணிக்கடையில் கத்தரி திறந்தபடியே
நீளத் துணியில் ஓடுமே, அது.

கீழே வந்து கழற்றும்போது பார்த்தேன்.
திருகாணித் தலைகளில் புதுக்கீறல், வெள்ளையாய்.
இனி என் வாக்கியத்துக்கு வேலையில்லை.
இருந்தும் வாய் சும்மா இருக்கவில்லை.
'மூன்று பாகையா?'
நிமிர்ந்து பார்த்தாள், முதல் தடவையாக
வணக்கத்தைவிட நீளமாக.
'மூன்று வைத்துப் பார்த்தேன். போதவில்லை.
ஆறு.'

இரவு பத்தரைக்கு ரட்ராக்கைக் கிளப்பினேன்.
அவள் கோட்டை மதியத்துக்குள்
ஊரே மிதித்துவிட்டிருந்தது; வாரினேன்.
சட்டைப்பையில் கைக்கு அகப்பட்டதை
வாயில் போட்டுக்கொண்டேன்.
இருமல் ஒன்றுமில்லை.
அந்த வாக்கியம் இருந்த இடம்தான்
கொஞ்சம் கரகரத்தது.