பெரியது, ஒன்பது

கொளத்தூர். மூன்றாவது மாடி.
தண்ணீர் லாரி வராத செவ்வாய்க்கிழமை.
செம்பருத்தியின் கணுக்களில்
யாரோ பஞ்சு அடைத்துவிட்டுப் போனதுபோல்
மாவுப்பூச்சி.

வீட்டுக்காரர் தேவசகாயம் படியேறி வந்தார்
நீல பாட்டிலோடு.
"ஒரு மூடி போதும் சார், மொத்தமும் காலி."
மொத்தமும் என்றால் எதுவரை என்று
அவர் சொல்லவில்லை.
கொடியில் ஹசீனா வீட்டுக் குழந்தையின்
பதினோரு துணிகள் காய்ந்துகொண்டிருந்தன.

வெள்ளிக்கிழமை வரை பொறுங்கள் என்றேன்.
மளிகை நோட்டின் பின்பக்கம்
கோடு போட்டு எண்ணினேன்:
பத்து இலை, முப்பத்தேழு பூச்சி.

எண்ணும் பழக்கம் சமையலறையில் வந்தது.
சின்க்குக்கு அடியில் ஒட்டும் அட்டை வைத்த முதல் காலை
பதினாறு கரப்பான்.
ஸ்ப்ரே வாங்கப் போனவன்
சொட்டுகிற குழாயைக் கேட்டுத் திரும்பி வந்தேன்.
வாஷர் முப்பது ரூபாய்.
குப்பைக் கூடைக்கு ஒரு மூடி.
அடுத்த வாரம் நான்கு.

அந்தத் திமிரில்தான்
பழைய பல் துலக்கியும் சோப்புத் தண்ணீருமாய்
செம்பருத்தியிடம் போனேன்.
பஞ்சுக்குள் சில பெரியவை.
வேகமாக ஓடின.
தலைவர்களாக இருக்கும் என்று
அவற்றை முதலில் நசுக்கினேன்.
நோட்டில் எழுதினேன்: பெரியது, ஒன்பது.

இரவு, போனில் எடுத்த படத்தைப்
பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தபோது
அதன் வாயில் ஒரு மாவுப்பூச்சி.
பொறிவண்டின் பிள்ளை.
எதிரியின் சட்டையைப் போட்டுக்கொண்டு
எதிரியைத் தின்றுகொண்டிருந்தது,
என் கட்டைவிரல் வரும்வரை.

தூக்கம் வரவில்லை என்று சொன்னால்
நீங்கள் சிரிப்பீர்கள்.

மறுநாள் மிகவும் மோசமான கிளையை மட்டும் வெட்டி
பைக்குள் கட்டினேன்.
தொட்டியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தினேன்.
எறும்புகள் கரையில் நின்று பார்த்தன,
மாவுப்பூச்சியின் இனிப்புக்கு
அவைதான் அடியாட்கள்.
கிண்ணத்தில் கொசு வைக்காமலிருக்க
இரண்டு நாளுக்கொரு முறை நீர் மாற்றுகிறேன்.
ஒன்றைத் தீர்த்தால்
இன்னொன்று வந்து கணக்குக் கேட்கிறது.

ஐப்பசி பிறந்துவிட்டது.
நீல பாட்டில் மாடிப்படி ஜன்னலில்
தூசி பிடித்து நிற்கிறது.
நேற்று தேவசகாயம் குனிந்து பார்த்தார்.
"இன்னும் இருக்கே சார்?"

இருக்கிறது.
பத்து இலையில் ஆறு,
ஓடுகிற வெள்ளை இரண்டு.
ஆறும் போய்விட்டால்
அந்த இரண்டும் எதைத் தின்னும்?

இதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல்
நோட்டைக் காட்டினேன்.
கண்ணாடியை ஏற்றிக்கொண்டு
அவரும் எண்ண ஆரம்பித்தார்.
ஏழு என்றார்.