கேபின் தலைத் தகடு

ஏழாயிரத்து ஐந்நூறு. கூலி தனி.
"காத்து இனி முட்டாதுண்ணே, வழுக்கிப் போயிரும்"
என்றான் வெல்டர் சாத்தையா,
கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு.

ஆத்தங்குடியில் பூக்கல் ஏற்றினேன்.
ஒன்பது டன்,
பக்கப் பலகையில் பாதிக்குக்கூட எட்டவில்லை.
திருமயம் தாண்டியதும் ஆடிக்காற்று.
திருச்சியில் டேங்கை நிரப்பிக் கணக்குப் போட்டால்
லிட்டருக்கு ஐந்தே கால்.
தகடு இல்லாத காலத்தில்
இதே கல்லுக்கு ஐந்தரை.

திரும்புகையில் இலவம்பஞ்சு மெத்தை,
கேபினுக்கு மேல் இரண்டு முழம், தார்ப்பாய் கட்டி.
போன மாதம் இதே மெத்தைக்கு ஆறு கொடுத்த வண்டி
ஆறே முக்கால் கொடுத்தது.
பம்புக்காரன் பேனாவை வாங்கி
இரண்டு தடவை வகுத்துப் பார்த்தேன்.

அப்படியானால்
முன்னால் நிமிர்ந்து நிற்பதை அல்ல,
பின்னால் என்ன வருகிறதென்றுதான்
பார்க்கிறது காற்று.
ஒன்றும் வராத நாளில்
தூக்கிய நெற்றிக்குத் தண்டம், டீசலாக.

மறுபடி பட்டறை.
"கீல் வச்சுக் குடு. கல்லுக்குப் படுக்கட்டும்,
மெத்தைக்கு எந்திரிக்கட்டும்."
சாத்தையா சிரிக்கவில்லை. அறுநூறு என்றான்.

போட்ட காசு திரும்ப
எத்தனை கிலோமீட்டர் ஓடவேண்டுமென்று
தகட்டின் முதுகில் சாக்பீஸால் எழுதியிருக்கிறேன்.
ஐப்பசி மழைக்குள்
ஓட்டிவிட வேண்டும்.