வெட்டு மீதி

வெண்ணெய் கெட்டியாக இருக்க வேண்டுமாம்.
சித்திரை மாதத்து வேலூரில்,
டப்பாவைத் திறக்கும்போதே அது நெய்யாகிற ஊரில்.
அதனால் மூன்றரைக்கு எழுந்தேன்.
தொரப்பாடி ஜெயில் மணி நாலு அடிக்கையில்
மைதாவில் வெண்ணெயை
விரல் நுனியால் உதிர்த்துக்கொண்டிருந்தேன்.

எப்சிபா எழுதிக் கொடுத்த குறிப்பு
வீணாய்ப்போன ஈசிஜி தாளின் பின்பக்கம்.
முன்பக்கத்தில்
பேரில்லாத நெஞ்சு ஒன்று
ஏறி இறங்கி ஏறிப்போகிறது.

'மோர் நல்லா புளிச்சிருக்கணும்.
ஆப்பசோடா அரை ஸ்பூன்.
பிசையாதே, சப்பாத்தி இல்ல இது.
ஒண்ணு சேர்ந்தா போதும், விட்டுடு.'
விட்டுடு என்பதன் கீழே இரண்டு கோடு.
என்னை அவளுக்குத் தெரியும்.

அடுப்பில் பழைய இட்லிக் குண்டான்.
உள்ளே ரெண்டு படி மணல்,
பாலாற்றில் அள்ளி, சலித்து, கழுவி,
மாடியில் காயவைத்தது.
(பையில்தான் அள்ளினேன். லாரியில் அல்ல.)
வெறும் மணலை இருபது நிமிஷம்
ஒருவன் சூடாக்குவதைப்
பக்கத்து வீட்டு ஜன்னல் பார்த்துவிட்டுச் சாத்திக்கொண்டது.

வெட்டுவது என் வேலை.
ராணிப்பேட்டையில் பதினோரு வருஷம், தோல் மேஜை.
தழும்பை விலக்கி, உண்ணி கடித்த இடத்தை விலக்கி
அச்சை எப்படித் திருப்பினால்
விரலகலம் மிச்சம் என்று
கண்ணுக்குள் ஓடும் கணக்கு.
இப்போது ஆர்டர் இல்லை.
வாரத்தில் மூன்று நாள் மேஜை,
மீதி நாள் 'சொல்லி அனுப்புறோம்'.

டம்ளரைக் கவிழ்த்தேன்.
வட்டத்தை வட்டம் உரச ஒன்பது.
அப்படியும் நடுநடுவே
மூன்று மூலைத் துணுக்குகள்.
தோலில் மிஞ்சினால் மூட்டைக்குப் போகும்.
மாவு திரும்பச் சேரும்.
சேர்த்தேன். அழுத்தினேன்.
இரண்டு கோடு ஞாபகம் வந்தபோது
அழுத்தி முடித்திருந்தேன்.
பத்தாவது. பதினொன்றாவது.

முதல் ஒன்பதும் பொங்கின,
பக்கவாட்டில் ஏடு ஏடாகப் பிளந்து,
அடியில் கொஞ்சம் கறுத்து.
கடைசி இரண்டும் அசையவே இல்லை.
செருப்பின் அடித்தோல்.
எனக்கு நன்றாகத் தெரிந்த பொருள்.

எட்டேகாலுக்கு வந்தாள்.
ஸ்பிரிட் வாசனை, கணுக்காலில் சாக்ஸ் தடம்.
ராத்திரி வார்டில் என்ன ஆச்சு என்று
நான் கேட்பதில்லை.
கம்பெனியிலிருந்து போன் வந்ததா என்று
அவள் கேட்பதில்லை.
தட்டைப் பார்த்தாள்.
பொங்கியதையெல்லாம் விட்டுவிட்டு
சப்பையான பத்தாவதை எடுத்து
டீயில் முக்கினாள்.

'உடையல பாரு.'
திரும்ப முக்கினாள்.
நான் முக்கியது மெத்தென்ற ஒன்று,
பாதி டம்ளருக்கு அடியில் போய் உட்கார்ந்தது.
சிரித்துக்கொண்டே ஸ்பூன் எடுக்கப் போனவள்
வரும்போது பதினொன்றாவதையும் எடுத்துக்கொண்டாள்.

அவள் தூங்குகிறாள்.
மணலைக் கொட்டவில்லை, மூடி வைத்திருக்கிறேன்,
தொட்டால் இன்னும் சுடுகிறது.
நாளைக்குப் புதன். புதனும் இல்லை என்றார்கள்.
மோர் அரைச் சொம்பு மீதி இருக்கிறது.