மூன்றாம் மாடிக்கு நன்றி

ரியேக்கா துறைமுகத்தில், மீன் சந்தைக்குப் பின்னால்
பழைய சாமான் கடையொன்றில்
ஒரு காபியின் விலைக்கு அந்தக் கேசட்டை வாங்கினேன்.
அட்டையில் ஒரு பாரந்தூக்கி. அதற்கு மேல்
குழுவின் பெயர்: ஈரத் தீக்குச்சிகள்.
கேள்விப்பட்டதே இல்லை.

முதல் பாட்டில் கிதார்
பல்வலிக்காரனைப் போல் அரற்றியது.
இரண்டாவதில் பாடகி வரிகளை மறந்துவிட்டு
மறந்துபோனதையே பாடினாள்.
நான்காவதில்தான் நான் மாட்டிக்கொண்டது:
டிரம்முக்கும் பேஸுக்கும் அடியில்
வேறொரு தாளம்,
உலோகமாய், கோபமாய், இம்மி பிந்தி.
டங். டங். டங்டங்.
யார் வாசிக்கிறார்கள் இதை?

உள்தாளை விரித்தேன்.
எறும்பு எழுத்தில் நன்றிகள்:
ஆம்ப்ளிஃபயரைத் தந்துவிட்டுத் திருப்பிக் கேட்காத எகோனுக்கு,
வேன் தந்ததற்கும், அது நின்றபோது தள்ளியதற்கும்
உப்புப் பற்கள் குழுவினருக்கு,
துல்லியோவை வியாழக்கிழமைகளில் கடன் கொடுத்த
அவனுடைய மற்ற குழுக்களுக்கு,
விடிகாலை நான்கு மணி ரொட்டிக்காக
பேக்கரி நெவியாவுக்கு.
கடைசியில், பெயரில்லாமல்,
மூன்றாம் மாடிக்கு.

நான் துறைமுகத்தில் கன்டெய்னர்களைச் சரிபார்ப்பவள்.
ஓர் எண் கையில் கிடைத்தால் போதும்
கப்பலையே பிடித்துவிடலாம் என்பது
எங்கள் தொழிலின் ஆணவம்.
எகோனைப் பிடித்தேன். இப்போது பல் மருத்துவர்.
என் வாயில் பஞ்சைத் திணித்துவிட்டு
நான் கேட்க முடியாத கேள்விகளுக்கு
அவரே பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

பதினோரு குழுக்கள் இருந்தனவாம் அப்போது.
ஆட்களை எண்ணினால் பத்தொன்பதுதான்.
ஆறு குழுக்களுக்குத் துல்லியோ ஒருவனே டிரம்மர்;
ஒரே இரவில் ஆறும் மேடையேறினால்
சட்டையை மட்டும் மாற்றிக்கொள்வான்.
நல்ல ஆம்ப்ளிஃபயர் ஊருக்கே இரண்டு.
அவை இன்றிரவு யார் வீட்டில் தூங்குகின்றன என்பது
எல்லாருக்கும் தெரிந்திருக்கும்.
கோபித்துக்கொண்டு விலகியவன்
மறுநாள் அதே குழுவுக்குப் போஸ்டர் ஒட்ட வருவான்,
பசை வாளி அவனுடையது என்பதால்.

ராக் குழு என்றால்
நான்கு பேர் சுவரில் சாய்ந்து நின்று
நம்மை முறைக்கும் படம் என்றிருந்தேன்.
படத்தை எடுத்தவள்,
சுவர்,
சுவருக்கு அந்தப் பக்கம் தூங்க முயன்றவர்கள்:
இவர்களை நான் எண்ணியதேயில்லை.
எண்ணுவதுதான் என் வேலை.

கொப்பளித்துத் துப்பிவிட்டுக் கேட்டேன்:
மூன்றாம் மாடி?
மருந்துச் சீட்டில் விலாசம் எழுதித் தந்தார்.

யோலண்டா மர்ச்செதா கதவைப் பாதி திறந்தாள்.
"மறுபடியும் நிலவறையில் ஆரம்பித்துவிட்டார்களா?"
இல்லை என்றதும் மீதியையும் திறந்தாள்.
ஹீட்டர் குழாயைக் காட்டினாள்,
பெயின்ட் உதிர்ந்து அங்கே ஒரு நசுங்கல்.
"நிறுத்துங்கடா என்று சூப் கரண்டியால் அடித்தேன்.
கீழே அந்த மடையன்கள்
நான் தாளம் போடுவதாக நினைத்துக்கொண்டு
இன்னும் வேகமாக வாசித்தார்கள்.
காலை ஆறு மணிக்கு நான் பாரந்தூக்கியில் ஏற வேண்டும்."

கேசட் அட்டையை நீட்டினேன்.
கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டாள்.
வெகுநேரம் பேசவில்லை.
"ஏழாம் நம்பர்" என்றாள். "என்னுடையது.
அதோ, அந்த ஜன்னலில் கட்டியிருக்கும் சிவப்புத் துணியும்."

அவள் சமையலறை ரேடியோவில் கேசட் போட இடமிருந்தது.
நான்காவது பாட்டுக்காகத் தலையைச் சாய்த்து
ஒரு காதால் காத்திருந்தாள்.
டங். டங். டங்டங்.
"பிந்துகிறேன்" என்றாள், முகம் சுளித்து.
"மூன்று மாடி இறங்க வேண்டாமா சத்தம்."
பிறகு ஒலியைக் கூட்டினாள்.
இரண்டாம் மாடியில் யாரோ
கதவை ஓங்கி அறைந்தார்கள்.

படியிறங்கும்போது பின்னாலிருந்து கேட்டாள்:
"இதற்கெல்லாம் சம்பளம் உண்டா?"
எகோனிடம் சொன்னேன்.
அடுத்த வியாழக்கிழமை வரச் சொன்னார்.
மேல்வரிசையில் ஒரு பல் இலவசமாம்.