அரை மணி நேரம்

ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஆசியா,
அந்தப் பக்கம் ஐரோப்பா என்று
பாலத்தில் நின்று போனைத் திருப்பிக் காட்டுகிறார் பாடலீஸ்வரன்.
இரண்டு பக்கமும் ஒரே பனி.

அத்திராவ் என்று ஊருக்குப் பெயர். கசகஸ்தானில் இருக்கிறது.
வால்வு பார்க்கப் போனவர்
பதினோரு மாதமாய் அங்கே.

நானும் ஒருநாள் கெடிலம் பாலத்தில் வண்டியை நிறுத்திக் காட்டினேன்.
இந்தப் பக்கம் மஞ்சக்குப்பம்,
அந்தப் பக்கம் திருப்பாதிரிப்புலியூர்.
நடுவில் ஆகாயத்தாமரை.
சிரித்தார். பிறகு,
விசா வந்துவிட்டது, பள்ளிக்கூடம்தான் பாக்கி என்றார்.

ஆசியாக் கரையில் ஒன்று, ஐரோப்பாக் கரையில் ஒன்று.
இரண்டின் கையேட்டையும்
கோர்ட்டு எதிரே ஜெராக்ஸ் கடையில் கலரில் எடுத்தேன்.
கடைப் பையன் ஒரு தாளை வெளிச்சத்தில் பிடித்து
"அக்கா, இது ஸ்கூலா ஆஸ்பத்திரியா?" என்றான்.

அது ஐரோப்பா.
வகுப்புக்குப் பன்னிரண்டு பிள்ளைகள், நீச்சல் குளம்,
பிரெஞ்சு, கறுப்புப் பியானோ ஒன்று.
ஒரு வருடக் கட்டணத்தை ரூபாயில் பெருக்கி
காஸ் புத்தகத்தின் பின்னட்டையில் எழுதினேன்.
செம்மண்டலத்தில் பார்த்துவிட்டு வந்த மனை
அதைவிடக் கொஞ்சம்தான் அதிகம்.
முக்கால் பங்கு கம்பெனி கொடுக்கும்.
மீதிக் கால் பங்கு
என் வளையல்களைப் பார்க்கிறது.

ஆசியா சின்னது.
பிலிப்பைன்ஸ் டீச்சர்கள். மலையாளப் பிள்ளைகள் ஆறு பேர்
என்று விசாரித்துச் சொன்னார்.
ஆறு பேர் போதுமா என்று கேட்டேன்.
எதற்குப் போதுமா என்று கேட்டார்.
சொல்லத் தெரியவில்லை.

விண்ணப்பத்தில் ஏழாவது கேள்வி:
எத்தனை ஆண்டுகள் இங்கே இருப்பீர்கள்?
ஒப்பந்தத்தில் இரண்டு. அவர் வாயில் நான்கு.
"போனவங்க எவங்க திரும்புனாங்க" என்கிறாள் அண்ணி.
பென்சிலால் மூன்று போட்டு,
அழித்து,
அழித்த தடம் தெரிய விட்டுவிட்டேன்.

மாற்றுச் சான்றிதழில்
விலகும் காரணம் என்ற இடத்தில்
பெற்றோர் விருப்பம் என்று எழுதினார் ஹெட்மாஸ்டர்.
மை காயட்டும், மடிக்காதீர்கள் என்றார்.
இரண்டு பேரில் எந்தப் பெற்றோர் என்று எழுத
அதில் இடமில்லை.

ஐரோப்பாக்காரர்கள் நேர்காணல் வைத்தார்கள்.
இங்கே மாலை ஆறரை, அங்கே ஆறு.
நறுமுகைக்கு எட்டு வயது.
யூனிபார்ம் போட்டுக்கறேம்மா என்றாள்.
இனி அது உன்னுடையது இல்லை என்று
அப்போது எப்படிச் சொல்வது?

பெயர் கேட்டாள் அந்த அம்மாள். நிறம் கேட்டாள். புத்தகம் கேட்டாள்.
பயம் வந்தால் என்ன செய்வாய் என்று கேட்கும்போது
கரண்ட் போனது.
புதுப்பாளையம் முழுக்க ஒரு 'ஹோ'.
திரை வெளிச்சத்தில் அவள் முகம் மட்டும்
மூக்குக்கு மேலே மிதந்தது.

"பக்கத்து வீட்லயும் போயிருக்கான்னு பாப்போம்" என்றாள்
தனக்குத் தெரிந்த இங்கிலீஷில்.
"அங்கயும் போயிருந்தா பயம் இல்ல."

அந்த அம்மாள் குனிந்து ஏதோ குறித்துக்கொண்டாள்.
இடம் உண்டு என்று வியாழக்கிழமை மெயில் வந்தது.
ஆசியாவிலும் உண்டாம்.
ஞாயிறுக்குள் சொல்ல வேண்டும்.

சனி இரவு
இரண்டு கையேட்டையும் படுக்கையில் விரித்து
விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள் நறுமுகை.
நீச்சல் குளத்தை அவள் பார்க்கவே இல்லை.

"இங்க ஒன்பதுன்னா அங்க எட்டரை.
இது எட்டு மணிக்கு ஆரம்பிக்குது.
இது எட்டரைக்கு.
அப்ப இதுலதாம்மா,
எங்க ஸ்கூல்ல மணி அடிக்கறப்ப
அங்கயும் மணி அடிக்கும்."

இதைக் காரணம் என்று எழுத முடியுமா?
கட்டணம் குறைவு என்று
பாடலீஸ்வரனுக்கு அனுப்பினேன்.