கட்டாத சுவரின் நிழல்

தெற்கு மனையில் ஏழடி மதில் வரப்போகிறது.
தையில் வானம் தோண்டுவார்கள் என்று
நிஹாரா வந்து சொன்னாள்,
கடன் கேட்க வந்தவள் மாதிரி நின்று.

கடைக்காலுக்கு வெட்டுகிற பள்ளத்தை
வானம் என்று யார் சொல்லத் தொடங்கினார்களோ,
இந்தத் தடவை பொருத்தமாக இருக்கிறது.
எடுபடப்போவது என்னுடையதுதான்.

வேதாளையில் மண் என்பது
வீடு கட்டச் சம்மதித்த கடற்கரை.
கடப்பாரை வேண்டாம், சிரட்டை போதும்.
செடியைப் பிடுங்குவது எளிது,
வேரோடு மண் கூட வராது, அதுதான் சிரமம்.
ரேஷன் கடையிலிருந்து கிழிந்த சாக்குகள்
நான்கு கொண்டுவந்து நனைத்துவைத்திருக்கிறேன்,
தூரைச் சுற்றிக் கட்ட.

ஆறு வருடம் இந்த இருபதடியில் நடந்ததெல்லாம்
பழைய இருப்புப் பதிவேட்டின் பின்பக்கங்களில் இருக்கிறது.
மருதாணி, தெற்கோரம்: ஆனியில் கச்சான் எழும்பி
நுனியெல்லாம் தீய்ந்தது. தவறு என்னுடையது.
செம்பருத்தி: மாவுப்பூச்சி. வேப்பெண்ணெய்.
மறுபடியும் மாவுப்பூச்சி.
கறிவேப்பிலை: கிணறு சவர்ப்பு,
மழைத்தண்ணீருக்குத்தான் துளிர்ப்பேன் என்கிறது.
அரளி: எழுத ஒன்றுமில்லை.

புரட்டாசிக் கடைசி ஞாயிறு.
மழைக்கு முன்னே மாற்றினால்தான் வேர் பிடிக்கும்.
ஆனால் இல்லாத சுவரின் நிழலை
எங்கே போய் அளப்பது?

நிஹாராதான் படகுத் தார்ப்பாயைத் தூக்கி வந்தாள்.
மீன் வாடையோடு, ஓரத்தில் ஒட்டிய செதிலோடு.
ஏழடி மூங்கில் இரண்டு.
ஒன்றை அவள் பிடித்தாள், ஒன்றை நான்.
நட்டநடுப் பகலில் எல்லைக் கல்லின் மேல்
இரண்டு பெண்கள் நீலச் சுவராக நின்றோம்.
தெருவில் போன ஐஸ் வண்டிக்காரர்
வேகம் குறைத்துப் பார்த்துவிட்டுப் போனார்.

நிழல் ஓரடிக்குச் சற்றே மேல்.
இவ்வளவுதானா என்றாள் அவள்.
மார்கழியில் நாலரை வரும் என்றேன்,
வெயில் தெற்கே சாய்ந்திருக்கும்.
சித்திரையில்
சுவர் தன் நிழலைத் தானே மிதித்துக்கொண்டு நிற்கும்.
சுண்ணாம்புத்தூளால் மூன்று கோடு போட்டேன்.

காற்று தார்ப்பாயை இழுத்தது. இறுக்கிப் பிடித்தோம்.
அப்போதுதான் பார்த்தேன்,
என் பக்கம் மருதாணி அசையாமல் நின்றது.
ஆறு வருடத்தில் முதல்முறையாக
தென்கடல் அதன் மேல் உப்புத் துப்பவில்லை.
நான் அதைச் சொல்லவில்லை.
அவளும் மதில் எதற்கென்று சொல்லவில்லை.
இருவருக்கும் தெரியும்:
போன பங்குனியில் அவள் ஆடு
என் குண்டுமல்லியை மொட்டோடு மேய்ந்தது.
ஆட்டைச் சொல்வதாக நினைத்துக்கொண்டு
நான் வேறு யாரையோ சொல்லிவிட்டேன்.
ஒரே ஒரு வார்த்தை.
அதற்கு இத்தனை செங்கல்.

பொழுது சாய்வதற்குள் மல்லி வடக்கே போனது,
பாதிக் கிளையைக் கவாத்து செய்து.
மருதாணி இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.
இட்லிப்பூவை மூன்றாம் கோட்டுக்கு வெளியே நட்டேன்.
கறிவேப்பிலை கூரைத்தண்ணீர் சொட்டும் மூலைக்கு,
இனி அது பாடு.
நந்தியாவட்டையின் தூரில் மட்டும்
கையை வைத்துவிட்டு எடுத்துவிட்டேன்.
என் தொடை கனம் இருக்கிறது.
அதைப் பெயர்த்தால் நான்தான் பட்டுப்போவேன்.
மேஸ்திரியிடம் சொல்லி அந்த இடத்தில்
ஜாலிக் கல் வைக்கச் சொல்கிறேன் என்றாள் நிஹாரா,
சாக்குக் கயிற்றைப் பல்லால் அறுத்தபடி.
சொல்வாளோ, மறப்பாளோ.

ராத்திரி பதிவேட்டில் அடுத்த பங்குனிக்கான படம்.
வட்டங்கள், கோடுகள், கிணறு, துணிக்கொடி.
முதல் கோட்டுக்கும் இரண்டாவதுக்கும் நடுவே
மூன்றடி அகலம் வெறுமையாக விட்டிருக்கிறேன்.
அங்கே என்ன என்பதை
வெயில் வந்து நின்று பார்த்த பிறகு எழுதலாம்.

படுத்த பிறகு தடதடவென்று சத்தம்.
ஓடிவந்து பார்த்தால், முதல் மழை,
எல்லைக் கல்லில் மறந்துவிட்ட தார்ப்பாயின் மேல்.
கோடு மூன்றும் கரைந்துகொண்டிருந்தன.
அவள் வீட்டிலும் விளக்கு எரிந்தது.